பலகத்தின் எண்ணும் ஓரத்தின் குளிரும்: குளிர்நாட்டு வீட்டுக்கு வெப்பக்காப்புள்ள கராஜ் கதவு

கடுங்குளிர் நாளொன்றின் காலையில், வெப்பக்காப்பு உள்ள ஒரு கராஜ் கதவின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்தால், அந்தக் கதவின் குணம் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். பலகத்தின் நடுப்பகுதி பக்கத்துச் சுவரைப் போலவே இருக்கும். பலகங்கள் ஒன்றின்மேல் ஒன்று சேரும் கிடைக்கோட்டில் விரலை வைத்தால் சற்றுக் குளிரும். இரு முனைகளிலும் உள்ள இரும்புப் பட்டியைத் தொட்டால் கை சில்லிட்டுவிடும். கீல்களைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் தலைகளில் வெள்ளையாக உறைபனி பூத்திருப்பதும் உண்டு. குனிந்து தரையோரமாகக் கையை நீட்டினால், வெளிக்காற்று மெல்ல ஊர்ந்து உள்ளே வருவது தெரியும். கதவு வாங்கப் போகிறவருக்குப் பெரிய எழுத்தில் காட்டப்படும் எண்ணோ, இத்தனை இடங்களில் முதலாவதாகத் தொட்ட அந்த நடுப்பகுதியை மட்டுமே பற்றியது.

அந்த எண்ணுக்கு ஆர் மதிப்பு என்று பெயர். ஒரு பொருள் வெப்பம் கடந்து செல்வதை எவ்வளவு தடுக்கிறது என்பதை அது சொல்கிறது. எண் பெரிதானால் தடையும் பெரிது. வட அமெரிக்காவில் வழங்கும் ஆர் மதிப்பு அடி, ஃபாரன்ஹீட், வெப்பத்தை அளக்கும் பிடியு ஆகிய அலகுகளில் அமைந்தது. மெட்ரிக் அலகுக்கு மாற்ற அதை 5.68 ஆல் வகுக்க வேண்டும். ஆகவே ஆர்-12 என்பது மெட்ரிக்கில் ஏறத்தாழ 2.1 தான். ஐரோப்பியக் கதவுகளில் பெரும்பாலும் இதன் தலைகீழான யு மதிப்பே குறிக்கப்படும்; அங்கே எண் சிறிதாக இருப்பதுதான் நல்லது. இரண்டு நாட்டுத் தயாரிப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்பவர் இந்த மாற்றத்தைச் செய்யாவிட்டால் ஒப்பீடு முழுவதும் தவறாகிவிடும்.

ஆர் மதிப்பு இரட்டிப்பானால் சேமிப்பும் இரட்டிப்பாகும் என்று நினைப்பது இயல்பு. கணக்கு அப்படி நடப்பதில்லை. இரண்டு கார்கள் நுழையும் 16 அடி அகல, 7 அடி உயரக் கதவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 10.4 சதுர மீட்டர். உள்ளே 10 பாகை செல்சியஸ், வெளியே மைனஸ் 15 பாகை என்றால் வேறுபாடு 25 பாகை. வெறும் தகரக் கதவாக இருந்தால் தகரம் எதையும் தடுக்காது; இருபுறமும் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலம் மட்டுமே தடையாக இருக்கும். அப்போது கதவின் வழியே சுமார் 1500 வாட் வெப்பம் வெளியேறும். அதே இடத்தில் முழுமையாக ஆர்-6 தடை இருந்தால் இழப்பு 246 வாட்டாகக் குறையும். ஆர்-12 இருந்தால் 123 வாட், ஆர்-18 இருந்தால் 82 வாட். இந்தக் குளிர் ஐந்து மாதம் இடைவிடாது நீடிப்பதாகவும், உள்ளே ஹீட்டர் போட்டு அந்த 10 பாகையைக் காப்பதாகவும் வைத்துக்கொண்டால், தகரத்திலிருந்து ஆர்-6 க்கு மாறுவதால் மிச்சமாவது 4,500 யூனிட்டுக்கு மேல். ஆர்-12 இலிருந்து ஆர்-18 க்கு ஏறுவதால் மிச்சமாவது ஏறக்குறைய 150 யூனிட். கதவுக்குள் நிரப்பும் வெப்பக்காப்பு நுரையில், முதல் அங்குலம் செய்யும் வேலையில் சிறு பகுதியைத்தான் அடுத்த அங்குலம் செய்கிறது. அதனால் பெரிய எண்ணுக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன்பு, அந்தப் பணம் வேறு எங்கே போனால் அதிகப் பயன் தரும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தக் கணக்கிலும் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது: கதவு முழுவதும் அதே தடையைத் தருகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் எந்தக் கதவும் அப்படித் தருவதில்லை. நுரை நிரம்பிய நடுப்பகுதியைக் கணக்கிட்டு வரும் மதிப்பு ஒன்று. முனைப் பட்டிகள், பலகங்களின் இணைப்புகள், கீல்கள், சுற்றோரம் எல்லாவற்றையும் சேர்த்து முழுக் கதவையும் சோதனைக்கூடத்தில் நிறுத்தி அளந்த மதிப்பு வேறொன்று. ஒரே கதவுக்குப் பலகத்தின் யு மதிப்பு 0.5 என்றும் முழுக் கதவின் யு மதிப்பு 1 க்கு மேல் என்றும் இரண்டு எண்கள் இருப்பது இத்துறையில் சாதாரணம். வட அமெரிக்காவில் முழுக் கதவின் வெப்பக் கடத்தலையும் காற்றுக் கசிவையும் அளப்பதற்கு ஆன்சி/டாஸ்மா 105 என்னும் சோதனை முறை இருக்கிறது. ஐரோப்பாவில் இஎன் 13241 என்னும் தரநிலையின் கீழ் முழுக் கதவின் யு மதிப்பு கணக்கிடப்படுகிறது. காற்றுக் கசிவுக்குத் தனியாக வகுப்பு எண்ணும் உண்டு, அந்த எண் கூடக் கூடக் கசிவு குறைவு. விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இது பலகத்தின் எண்ணா, முழுக் கதவின் எண்ணா?" பதில் சுற்றி வளைத்து வந்தால் அது பலகத்தின் எண் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கையில் சோதனைச் சான்று இல்லாதபோது எண்ணைச் சரிபார்க்க எளிய வழி ஒன்றும் இருக்கிறது. கதவுகளில் பயன்படும் நுரைகள் முக்கியமாக இரண்டு. ஒன்று பாலிஸ்டைரீன், நாம் தெர்மாகோல் என்று சொல்லும் வெள்ளைப் பலகையின் குடும்பம். அதன் தடை அங்குலத்துக்குச் சுமார் ஆர்-4. மற்றொன்று பாலியூரித்தேன், அதன் தடை அங்குலத்துக்குச் சுமார் ஆர்-6, சற்றுக் கூடவும் இருக்கலாம். இரண்டு அங்குலத் தடிமனுள்ள பாலியூரித்தேன் கதவின் நடுப்பகுதி ஆர்-12, ஆர்-13 அளவில் இருப்பது பொருத்தமானது. அதே தடிமனுக்கு ஆர்-18 என்று எழுதியிருந்தால், அந்த எண் எந்த முறையில் வந்தது என்று கேட்பதில் பிழையில்லை.

நுரையின் வகை தடையை மட்டும் தீர்மானிப்பதில்லை. பாலிஸ்டைரீன் பெரும்பாலும் வெட்டிய பலகைகளாகத் தகரத்தின் பின்னால் செருகப்படுகிறது. பலகைக்கும் தகரத்துக்கும் நடுவே சிறு இடைவெளிகள் இருந்தே தீரும், அவற்றில் காற்று சுழலும். பாலியூரித்தேன் திரவமாக உள்ளே செலுத்தப்பட்டுப் பொங்கி, மூலைமுடுக்கெல்லாம் நிறைந்து, இருபுறத் தகடுகளையும் பற்றிக்கொண்டு இறுகுகிறது. தகடு, நுரை, தகடு என்னும் இந்த மூன்றடுக்கு ஒரே உடலாக இயங்குவதால் கதவு விறைப்பாகவும் ஓசை குறைவாகவும் இருக்கும். பாலியூரித்தேனின் நுண்ணறைகளில் அடைபட்ட வாயு ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிந்து, தடை ஓரளவு குறையும் என்பதும் உண்மை. ஆனால் இருபுறமும் உலோகத் தகடு மூடியிருக்கும்போது அது மெதுவாகவே நடக்கும். தகரமும் நுரையும் மட்டும் உள்ள இரண்டடுக்குக் கதவுகளில் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் உறைதான் இருக்கும். கராஜில் ஏணியும் சைக்கிளும் புழங்கும் வீட்டில் அது நெடுநாள் தாங்காது. உட்தகடு உள்ள கதவையே நான் பரிந்துரைப்பேன், ஆர் மதிப்பு சற்றுக் குறைவாக இருந்தாலும்.

மூன்றடுக்குக் கதவில் ஒரு சிக்கல் உண்டு. வெளித்தகடும் உட்தகடும் ஓரங்களில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால், நடுவே எத்தனை அங்குல நுரை இருந்தாலும் குளிர் அந்த உலோக வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும். இதைத்தான் வெப்பப் பாலம் என்கிறார்கள். இரும்பு, நுரையைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். அலுமினியம் இரும்பைவிட மும்மடங்குக்கும் மேல். ஆகவே வெளித்தகட்டையும் உட்தகட்டையும் பிரிக்கும் பிளாஸ்டிக் துண்டு, அதாவது வெப்பத் தடுப்பிடை, பலகத்தின் மேல் கீழ் விளிம்புகளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடையில் வெட்டிய மாதிரித் துண்டு வைத்திருப்பார்கள். அதன் வெட்டுமுகத்தில் உலோகம் வெளியிலிருந்து உள்ளே தொடர்ந்து ஓடுகிறதா, நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். பலகங்கள் சேரும் இடத்தில் ஒன்றின் நாக்கு மற்றதன் பள்ளத்தில் இறங்க வேண்டும். அந்தப் பள்ளத்துக்குள் ரப்பர் பட்டை இருந்தால் இன்னும் நல்லது.

இனிக் காற்று. கதவைப் பற்றிய பேச்சில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், குளிரில் மிக அதிகமாக உணரப்படுவதும் இதுதான். மேலே சொன்ன 16 அடிக் கதவின் அடியில், தரைக்கும் ரப்பருக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு அது ஒன்றுமே இல்லை. இரண்டு நாணயங்களை அடுக்கிச் செருகும் அளவுதான். ஆனால் முழு அகலத்துக்கும் கூட்டினால் 146 சதுர சென்டிமீட்டர். பக்கத்துக்கு 12 சென்டிமீட்டர் உள்ள சதுர ஓட்டை ஒன்றைக் கதவில் வெட்டி, குளிர்காலம் முழுவதும் திறந்து வைத்ததற்கு அது சமம். அதன் வழியே நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில், அதாவது முகத்தில் பட்டால் மட்டுமே தெரியும் வேகத்தில், காற்று நுழைந்தாலும் அதைச் சூடாக்கச் சுமார் 250 வாட் வேண்டும். ஆர்-6 கதவு முழுவதன் வழியாகவும் இழக்கும் வெப்பம் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆர்-6 இலிருந்து ஆர்-12 க்கு ஏறி மிச்சம் பிடித்ததை ஓர் இடைவெளி தின்றுவிடுகிறது.

அடிப்பட்டையில் பார்க்க வேண்டியது அதன் பொருள். வினைல் பட்டை விலை குறைவு. குளிரில் அது விறைத்து, தரையின் மேடுபள்ளங்களுக்கு வளைந்துகொடுக்காமல் பலகைபோல் நிற்கும். ஈபிடிஎம் என்னும் ரப்பர் கடுங்குளிரிலும் மென்மையாக இருக்கும். பட்டையின் குழல்வடிவம் பெரிதாக இருந்தால், தரை சீரற்றிருந்தாலும் நசுங்கி நிரப்பிக்கொள்ளும். இது ஏன் முக்கியம் என்றால், குளிர்நாடுகளில் தரை ஒரே இடத்தில் நிற்பதில்லை. கதவுக்கு வெளியே உள்ள கான்கிரீட் தளத்தின் அடி மண்ணில் நீர் உறைந்து விரியும்போது தளம் சற்று மேலெழும். இளவேனிலில் மீண்டும் இறங்கும். கோடையில் பொருத்தி, தரையோடு கச்சிதமாக இருக்கிறது என்று மகிழ்ந்த கதவு, தை மாதக் குளிரில் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு மறுமூலையில் இடைவெளி காட்டுவதற்கு இதுவே காரணம்.

அடிப்பட்டைக்கு இன்னொரு துன்பமும் உண்டு. காரிலிருந்து வடியும் பனிநீர் வாசலில் தேங்கி இரவில் உறைந்தால், ரப்பர் தரையோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் மோட்டார் இழுக்கும்போது பட்டை கிழியும், இல்லையேல் மோட்டார் தடையுணர்ந்து நின்றுவிடும். கொதிநீரை ஊற்றுவது சிலர் வழக்கம். அந்த நீரே அடுத்த இரவின் பனிக்கட்டி. குளிர் தொடங்குமுன் பட்டையைத் துடைத்துச் சிலிக்கோன் தெளிப்பு பூசுவதும், நீர் வெளியே வழியுமாறு வாசற்சரிவைச் சீராக்குவதும்தான் தீர்வு. பக்கவாட்டிலும் மேலேயும் நிலைச்சட்டத்தில் அறையப்படும் பட்டைகள் கதவின் முகத்தில் இலேசாக அழுந்தி நிற்க வேண்டும். மிக அழுந்தினால் குளிரில் உராய்வு கூடிக் கதவு இழுபடும். தண்டவாளத்தில் ஏறி மேலே மடியும் பலகக் கதவில் இந்த நான்கு பக்க அடைப்பு சாத்தியம். சுருண்டு ஏறும் ஷட்டர் கதவில் அது கடினம்; குளிர்நாட்டு வீட்டுக்கு அதை நான் கருதவே மாட்டேன்.

கண்ணாடி வேண்டுமா என்பது அழகு சார்ந்த கேள்வியாகத் தோன்றும். 10.4 சதுர மீட்டர் கதவில் ஒரு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி வைத்தால், அதே 25 பாகை வேறுபாட்டில் அந்த ஒரு சதுர மீட்டர் மட்டும் சுமார் 145 வாட் இழக்கும். ஆர்-12 தடையுள்ள மீதிக் கதவு முழுவதும் இழப்பது 111 வாட்தான். இரட்டைக் கண்ணாடியானால் இழப்பு பாதியாகும். பகலில் விளக்கில்லாமல் கராஜில் வேலை செய்பவருக்கு வெளிச்சம் தேவைதான். அப்படியானால் இரட்டைக் கண்ணாடியாக, மேல் வரிசையில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் யாருக்குத் தேவை என்பது வீட்டைப் பொறுத்தது. தனியாக நிற்கும், சூடேற்றாத, சுவரில் காப்பில்லாத கராஜுக்கு உயர்ந்த ஆர் மதிப்புள்ள கதவு வாங்குவது, ஓட்டைக் கூடாரத்துக்கு வெள்ளிக் கதவு போடுவதைப் போன்றது. வீட்டோடு ஒட்டிய, சூடேற்றாத கராஜில் உண்மையான எல்லை வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவே உள்ள சுவரும் அதிலுள்ள சிறு கதவும்தான். முதலில் அங்கே காப்பும் அடைப்பும் சரியாக இருக்க வேண்டும். அதன்பின் நடுத்தரக் கதவு ஒன்று, காற்று நன்றாக அடைபட்டதாக, இருந்தாலே கராஜ் வெளியைவிடப் பல பாகை இதமாக நிற்கும். சுவர்க் குழாயில் ஓடும் தண்ணீர் உறையும் வாய்ப்பும் குறையும். கராஜின் மேல் படுக்கையறை இருந்தாலோ, கராஜையே பட்டறையாக்கிச் சூடேற்றினாலோதான் முழுக் கதவின் யு மதிப்பைத் தேடிப் பிடித்து வாங்கும் செலவு நியாயமாகிறது.

அடைப்பு நன்றாக அமைந்தால் அதற்கே உரிய சில விளைவுகளும் வரும். காரோடு உள்ளே வரும் பனி உருகி ஆவியாகி, வெளியேற வழியின்றி, குளிர்ந்த இடத்தைத் தேடிப் படியும். உள்ளே 10 பாகை, ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால், 5 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் பூக்கும். நல்ல பலகத்தின் உள்முகம் 7 பாகைக்கு மேல் இருப்பதால் அது உலர்ந்திருக்கும். வெப்பத் தடுப்பிடை இல்லாத முனைப் பட்டியோ நனைந்து, வழிந்து, உறைந்து, காலப்போக்கில் துருவேறும். சாலையில் தூவிய உப்போடு வரும் கார், உறைநிலைக்குச் சற்று மேலான ஈரமான கராஜில் நிற்கும்போது, வெளியே உறைந்து நிற்பதைவிட விரைவாகத் துருப்பிடிக்கும் என்பதும் பலர் எதிர்பாராத உண்மை. இவை தொல்லைகள் மட்டுமே. கார்பன் மோனாக்சைடு உயிர் சம்பந்தப்பட்டது. இறுக அடைத்த கராஜில், கதவைத் திறந்து வைத்தபடியேகூட, காரை ஓடவிட்டுச் சூடேற்றக் கூடாது. கராஜோடு ஒட்டிய வீட்டுக்குள் அந்த வாயுவை உணர்ந்து எச்சரிக்கும் கருவி கட்டாயம் வேண்டும்.

பழைய தகரக் கதவை எடுத்துவிட்டு நுரைக் கதவு போடும்போது எடை கூடும். அந்த எடையைத் தாங்குவது மோட்டார் அன்று. மேலே தண்டில் முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங். பழைய ஸ்பிரிங்கையே வைத்துக்கொண்டால் மிச்சச் சுமை மோட்டார்மீது விழும். மோட்டாரோடு உள்ள பிணைப்பை விடுவித்துவிட்டுக் கதவைக் கையால் இடுப்பளவு உயர்த்திப் பாருங்கள். கையை எடுத்த பின்னும் அங்கேயே நின்றால் சமநிலை சரி, சரிந்தால் ஸ்பிரிங் போதவில்லை. சாதாரண ஸ்பிரிங்குகள் 10,000 முறை திறந்து மூடுவதற்குக் கணக்கிட்டவை. நாளொன்றுக்கு நான்கு முறை என்றால் ஏழாண்டுக்குள் அது தீர்ந்துவிடும். ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் கடுங்குளிர் காலையில்தான், அவசரமாக வெளியே போக வேண்டிய நேரத்தில்தான். புதுக் கதவோடு 20,000 முறைக்கான ஸ்பிரிங் கேட்டுப் போட்டுக்கொள்வது பெரிய செலவன்று. அதை முறுக்குவதும் தளர்த்துவதும் தெரிந்தவர் வேலை. கையை முறித்துவிடக்கூடிய விசை அதில் அடங்கியிருக்கிறது.

பழைய கதவிலேயே நுரைப் பலகைகளை வெட்டி ஒட்டும் தொகுப்புகளும் கிடைக்கின்றன. கதவு நல்ல நிலையில் இருந்து, பணம் இல்லாவிட்டால் அது தவறன்று. எடை கூடிய பின் ஸ்பிரிங்கைச் சரிசெய்ய வேண்டும், தீப்பற்றக்கூடிய நுரை மேலுறை இல்லாமல் வெறுமையாக நிற்கக் கூடாது. ஒட்டிய பலகைகள் முனைப் பட்டிகளையும் இணைப்புகளையும் தொடுவதில்லை என்பதால், காலையில் பூக்கும் உறைபனி அங்கே அப்படியே பூக்கும்.

புதுக் கதவு பொருத்தி முடிந்த அன்று இரவு, கராஜின் விளக்குகளை அணைத்துவிட்டு ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் வெளியிலிருந்து டார்ச்சைக் கதவின் நான்கு ஓரங்களிலும் மெல்ல நகர்த்தட்டும். ஒளி எங்கே கோடாகத் தெரிகிறதோ அங்கே குளிர் வரும். கீழ்மூலைகள் இரண்டையும் கூடுதலாகக் கவனியுங்கள்; பக்கப் பட்டையும் அடிப்பட்டையும் சந்திக்கும் அந்த இடத்தைத்தான் பொருத்துபவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். தெரிந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்து வைத்து, மறுநாள் அவர்களை அழைத்துப் பட்டையை நகர்த்திச் சரிசெய்யச் சொல்லுங்கள். மீதிப் பணத்தை அதற்குப் பின் கொடுத்தால் போதும்.